உயிரிழப்பு இழப்பீடு: சென்னைக் குடும்பங்களுக்குத் திறந்த சட்ட வழிகள்

பிறர் தவறால் ஒருவர் இறந்தால், அவரை நம்பியிருந்த குடும்பம் இழப்பீடு கேட்டு வழக்காடும் உரிமை இந்தியாவில் 1855ஆம் ஆண்டின் கொடுவிபத்துகள் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன் ஆங்கிலப் பொதுச்சட்டத்தில், அடிபட்டவர் பிழைத்தால் நட்டஈடு கேட்கலாம். இறந்துவிட்டால் வழக்குரிமையும் அவரோடு முடிந்துவிடும். காலை ஒடித்தவர் பணம் கட்ட வேண்டும், உயிரை எடுத்தவர் கட்ட வேண்டியதில்லை என்ற விசித்திர நிலை அது. இரயில் பாதைகள் பெருகிய பிரிட்டனில் 1846இல் கேம்பெல் பிரபுவின் பெயரால் அறியப்படும் சட்டம் இதை மாற்றியது. அதைப் பின்பற்றியே இங்கும் சட்டம் வந்தது. சென்னையின் முதல் பயணிகள் இரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

இச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக உரிமையியல் வழக்கு தொடுக்கலாம். உடன்பிறந்தவர்களுக்கு அதில் இடமில்லை. இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பின் தவறைக் குடும்பமே மெய்ப்பிக்க வேண்டும். 1947இல் தாராபுரம்–பழனி சாலையில் நடந்த ஒரு பேருந்து விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1961இல்தான் கிடைத்தது.

தீர்ப்பாயம் வந்த கதை

இந்தத் தாமதத்துக்கு மாற்றாக, மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956இல் செய்த திருத்தம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களை உருவாக்கியது. சென்னையில் இவ்வழக்குகளைப் பாரிமுனைப் பகுதியில் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம் விசாரிக்கிறது. அடையாறிலோ மயிலாப்பூரிலோ சாலையில் ஒருவர் இறந்தால், குடும்பம் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் இதுவே. இறந்தவரின் சட்டப் பிரதிநிதி என்ற முறையில் சகோதரரும் இங்கே கேட்கலாம் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

தொகையைக் கணக்கிடும் முறையை 2009, 2017ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் ஒழுங்குபடுத்தின. எடுத்துக்காட்டாக, மாதம் 15,000 ரூபாய் ஈட்டிய 35 வயது ஆட்டோ ஓட்டுநர் மனைவியையும் இரு பிள்ளைகளையும் விட்டுச் சென்றதாகக் கொள்வோம். எதிர்கால வருவாய்க்காக 40 விழுக்காடு கூட்டினால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 14,000. அதை 12 மாதங்களாலும், அவர் வயதுக்குரிய 16 என்ற பெருக்கு எண்ணாலும் பெருக்கினால் 26,88,000 ரூபாய். ஈமச்செலவு போன்றவை இதற்கு மேல். கணக்கு எளிது, வருமானத்தை மெய்ப்பிப்பதுதான் கடினம். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு நீதிமன்றம் ஒரு தொகையை அனுமானிக்கிறது, அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். சம்பளமே இல்லாத இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்பிட்டாக வேண்டும் என்பதை 2021இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது.

2022 ஏப்ரல் முதல், மனுவை விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது; அதை எதிர்த்து வழக்குகளும் தொடுக்கப்பட்டன. மோதிவிட்டுச் சென்ற வாகனம் எதுவெனத் தெரியாவிட்டால் 2 லட்சம் ரூபாய் பெறத் தனித் திட்டம் உண்டு. தீர்ப்பு வந்தாலும் பணம் உடனே வருவதில்லை. அரசுப் பேருந்துகளை நீதிமன்ற ஊழியர்கள் ஜப்தி செய்யும் செய்தி தமிழ் நாளிதழ் வாசகர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

சாலைக்கு வெளியே

வேலையின்போது இறந்தவருக்கு 2025 நவம்பர் வரை 1923ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அதில் முதலாளியின் தவறை மெய்ப்பிக்கத் தேவையிருக்கவில்லை; சென்னையில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தை நாட வேண்டியிருந்தது. மருத்துவ அலட்சியம் என்றால் நுகர்வோர் ஆணையம். மருத்துவச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994இல் கூறியிருந்தது. கட்டணம் பெறும் சிகிச்சை வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில் தீர்ப்பளித்த பிறகே அந்தக் கதவு திறந்தது. கழிவுநீர்க் குழிக்குள் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 2014இல் 10 லட்சம் என்றும், 2023 அக்டோபரில் 30 லட்சம் என்றும் உச்ச நீதிமன்றமே தொகையை வகுத்தது. ஆக, குடும்பம் எவ்வளவு இழந்தது என்பதைவிட, சாவு எந்த வழியில் வந்தது என்பதே அது ஏறவேண்டிய படியைத் தீர்மானிக்கிறது.

2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் நடந்தது எந்த ஒரு வழிக்குள்ளும் அடங்கவில்லை. ஸ்கூட்டரில் சென்ற 23 வயது மென்பொருள் பொறியாளர்மீது சாலை நடுவே அனுமதியின்றி வைத்திருந்த திருமண பேனர் சரிந்தது. விழுந்தவர்மீது தண்ணீர் லாரி ஏறியது. லாரிக்காகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பேனருக்கு? டிராஃபிக் ராமசாமி தொடுத்த வழக்குகளில் உயர் நீதிமன்றம் ஏற்கெனவே பேனர்களுக்கு எதிராக உத்தரவிட்டிருந்தது. அதிகாரிகள் அதைச் செயல்படுத்தவில்லை. இத்தகைய அரசுத் தவறுக்கு அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் ரிட் மனுவே விரைவான வழி. மறுநாளே உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க அரசுக்கு உத்தரவிட்டு, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்து வசூலிக்கவும் சொன்னது. பேனர் வைத்த முன்னாள் கவுன்சிலர் அம்மாத இறுதியில் கைதானார். ஆனால் குற்றவியல் வழக்கு தண்டனைக்கானது. குடும்பத்தின் இழப்பைத் தனியேதான் கேட்க வேண்டும். இறந்தவரின் தந்தை 1 கோடி ரூபாய் இழப்பீடு கோரி மீண்டும் அதே உயர் நீதிமன்றத்தில் மனு செய்தார்.