மூச்சுக்கும் உண்டு தேய்மானக் கணக்கு

எந்திரத்துக்குத் தேய்மானம் போடக் கற்கும் பி.காம். மாணவனை யோசிக்க வைத்த வரலாறு இது.

மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டரை 1846-ல் லண்டனில் டாக்டர் ஜான் ஹட்சின்சன் அறிமுகம் செய்தார். 1977-ல் பிளெட்சரும் பீட்டோவும், லண்டன் தொழிலாளர்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அளந்த முடிவை வெளியிட்டார்கள். முதல் விநாடியில் ஊதித் தள்ளும் காற்று வயதாக ஆக எல்லோருக்கும் குறையும். புகைப்பவர்களில் சிலருக்கு வேகமாகக் குறையும். பீடியை விட்டால் போன மூச்சு திரும்பாது. ஆனால் தேயும் வேகம் சாதாரண அளவுக்கு இறங்கும்.

2015-ல் லாங்கே குழு இந்தக் கணக்கைத் திருத்தியது. சி.ஓ.பி.டி. நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தேய்மானம் சாதாரணம்தான். ஆரம்ப இருப்பே குறைவு. இளமையிலேயே நுரையீரல் முழுதாக வளரவில்லை.

இங்கேதான் நம்ம ஊர் வருகிறது. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் விறகடுப்பு ஊதிய பாட்டிகள் பீடியைத் தொட்டதில்லை. ஆனால் விறகுப் புகையும் இந்நோய்க்குக் காரணம். 2007-ல் தமிழக அரசின் இலவச கேஸ் அடுப்பு வந்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா வந்தது. ஆனாலும் சிலிண்டர் தீர்ந்ததும் விறகுக்குத் திரும்பும் வீடுகள் உண்டு. அங்கே மிச்சமாகும் பணம், அடுப்படியில் விளையாடும் குழந்தையின் மூச்சில் செலவாகிறது.