பதிவேட்டுக்கு வெளியே ஒரு வாழ்நாள்: பக் ஓ'நீல் விருதும் மடுல்சீமையின் விளையாட்டு வரலாறும்

வாழ்நாள் சாதனை விருது எதை அளக்கிறது? விளையாட்டுலகில் இதற்கு முதலில் கிடைக்கும் விடை எண்களே. டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய முத்தையா முரளிதரன் 2016இல் சர்வதேச கிரிக்கெட் பேரவையின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் இலங்கையரானார். அவரது பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். மலையகத்தில் வேர்கொண்ட ஒருவருக்குக் கிடைத்த இந்தப் பெருமையை யாராலும் மறுக்க முடியாது; ஒவ்வொரு பந்தும் எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்படாத ஆட்டங்களை ஆடியவர்களையும் ஆட்டுவித்தவர்களையும் எப்படி மதிப்பது? பதிவேடு ஒரு மக்களை விலக்கியிருந்தால், அதை மட்டுமே நம்பி வழங்கும் விருது அந்த விலக்கலைத் தொடர்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அமெரிக்கப் பேஸ்பால் இதற்குத் தெளிவான சான்று தருகிறது.

ஓ'நீல்: தாமதமாக வந்த தெரிவு

1911இல் புளோரிடாவில் பிறந்த பக் ஓ'நீல் சிறுவயதில் செலரித் தோட்டங்களில் கூலிவேலை செய்தார். ஊரின் உயர்நிலைப் பள்ளி கறுப்பின மாணவரைச் சேர்க்கவில்லை. பெரிய லீக்குகளும் அவரது இனத்தவருக்கு மூடியிருந்ததால், கறுப்பின லீக்கில் கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணிக்கு ஆடினார். பின்னர் அதன் மேலாளரானார். 1962இல் சிகாகோ கப்ஸ் அணியில் பொறுப்பேற்று, பெரிய லீக்கின் முதல் கறுப்பினப் பயிற்றுநரானார். முதுமையிலும் ஓயாமல், 1990இல் தொடங்கிய கறுப்பின லீக் அருங்காட்சியகத்தைக் கட்டியெழுப்ப ஊர் ஊராகச் சென்று பேசினார்.

2006இல் கறுப்பின லீக்குகளுக்கான சிறப்புக் குழு 17 பேரைப் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குத் தெரிவுசெய்தது. ஓ'நீல் அவர்களில் இல்லை. தெரிவான 17 பேரில் ஒருவரும் உயிருடன் இல்லாததால், அவர்கள் சார்பில் விழா மேடையேறிப் பேசியவர் அவரே. அதே ஆண்டு அக்டோபரில் தமது 94ஆம் வயதில் காலமானார். அவர் பெயரால் வாழ்நாள் சாதனை விருது நிறுவப்பட்டு, 2008இல் முதலில் அவருக்கே வழங்கப்பட்டது. சமூகத்தின் மீது விளையாட்டு ஏற்படுத்தும் நற்பயனை வளர்த்தல், நேர்மை, கண்ணியம் ஆகியவையே அதன் அளவுகோல்கள். 2017இல் அதைப் பெற்ற ரேச்சல் ராபின்சன் ஒருநாளும் லீக்கில் ஆடியவர் அல்லர். நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனின் துணைவியார், அவரது மறைவுக்குப் பின் கல்விக்கான அறக்கட்டளையை நிறுவியவர்.

ஆட்டக்காரர், மேலாளர், பயிற்றுநர், வரலாற்றுக் காவலர் என ஓ'நீலின் வாழ்வு எந்த ஒரு பிரிவுக்குள்ளும் அடங்கவில்லை. தனித்தனியே எடுத்தால் குறைவாகத் தெரியும் பணிகள் சேரும்போதுதான் அவரது முழு உயரம் தெரிகிறது. எனினும் இவ்விருது முழு நீதியாகிவிடவில்லை. 2021இல்தான் அவர் புகழ் மண்டபத்துக்குத் தெரிவானார். தனி விருது உரிய இடத்துக்கு மாற்றாகிவிடக் கூடாது என்பது இதில் கிடைக்கும் இன்னொரு பாடம்.

எண்களை மீட்கலாம்

1920 முதல் 1948 வரையான ஏழு கறுப்பின லீக்குகளைப் பெரிய லீக்குகளாக 2020இல் அமெரிக்கப் பேஸ்பால் நிர்வாகம் ஏற்றது. 2024இல் அவற்றின் எண்கள் பொதுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டபோது, 1947இல் இறந்த ஜோஷ் கிப்சன் துடுப்பாட்டச் சராசரியில் வரலாற்றின் முதலிடத்தைப் பெற்றார். கறுப்பினச் செய்தித்தாள்களின் பழைய இதழ்களை ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் புரட்டியதன் பயன் அது. தேடியவர்கள் இருந்ததால் பதிவு கிடைத்தது.

மடுல்சீமையை எப்படி வாசிப்பது

இதே தேடல் இலங்கையின் மலையகத்துக்கும் தேவை. பதுளை மாவட்டத்தின் மடுல்சீமையில் தேயிலையே வாழ்வை வகுத்தது. தோட்ட நிர்வாகம் உழைப்பைத் தவறாமல் எழுதியது: யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ கொழுந்து பறித்தார், முழுநாள் கூலிக்கான முழுப் பேரா, அரைநாளுக்கான அரைப் பேரா என்பதெல்லாம் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏறியது. வேலை முடிந்தபின் அதே மக்கள் ஆடிய ஆட்டத்துக்கு அங்கே பத்தி கிடையாது. தோட்டத் துரைமாரின் கிளப் ஆட்டங்களுக்கு இருந்த ஆவண வசதி, தொழிலாளர் குடியிருப்பான லயத்து இளைஞர்களுக்கு இருக்கவில்லை.

அரசியல் இந்த இடைவெளியை அகலமாக்கியது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் இந்திய-இலங்கை ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. குடும்பங்களோடு நினைவுகளும் கடல் கடந்தன. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. கைமாறும்போதெல்லாம் பழைய ஏடுகள் சிதறும் வாய்ப்பு மிகுந்தது. ஆகவே மடுல்சீமையின் விளையாட்டு வரலாற்றைத் தேடுபவர் பசறையிலும் பதுளையிலும் மட்டும் தேடினால் போதாது. தாயகம் திரும்பியோர் குடியேறிய நீலகிரியிலும் முதியவர்களைச் சந்திக்க வேண்டும்.

ஒரு மறுப்பும் விடையும்

பதிவில்லாதவரைக் கௌரவிக்கத் தொடங்கினால் விருது செல்வாக்குள்ளோரின் கைக்குப் போகும் என்பது வலுவான மறுப்பு. தொழிற்சங்க அரசியலும் தேர்தல் அரசியலும் பின்னிக் கிடக்கும் மலையகத்தில் அந்த அச்சம் நியாயமானது. அதற்கு விடை அளவுகோலைக் கைவிடுவதன்று, விரிப்பது. இந்தியா 2002இல் தொடங்கிய தியான்சந்த் விருது, ஓய்வுக்குப் பின்னும் விளையாட்டுக்காக உழைப்பதை ஒரு தகுதியாக எழுத்தில் வைத்தது. எழுதிய தகுதியும் சரிபார்த்த வாய்மொழிச் சான்றும் இருந்தால் தயவுக்கு இடம் குறையும்.

ஆகவே பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தில் இத்தகைய விருது அமையுமானால் அதன் வரிசைமுறை முக்கியம். முதலில் தோட்டப் பாடசாலைக் குறிப்பேடுகள், வீரகேசரி, தினகரன் பழைய இதழ்கள், குடும்பப் படங்கள், முதியோர் கூற்றுகள் ஆகியவற்றைத் திரட்டி ஒப்பிட வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொரு தோட்டத்தவர் கூற்றாலோ அச்சிட்ட செய்தியாலோ உறுதிப்படுத்த வேண்டும். அடுத்து, திடல் அமைத்தவரையும் பெண்பிள்ளைகளை ஆடவைத்த ஆசிரியையையும் ஆட்டக்காரருக்கு நிகராக எண்ணும் விதிகளை வெளியிட வேண்டும். இவ்விரண்டும் முடிந்த பின்னரே விருது. உரியவர் வாழும்போதே அது வழங்கப்பட வேண்டும். ஓ'நீலுக்கு நேர்ந்த தாமதம் மலையகத்தில் இன்னொருவருக்கு நேரக் கூடாது.