மலையடிவாரமும் மாநகர வார்டும்

திருவண்ணாமலை மாவட்டப் படவேட்டில் ரேணுகாம்பாள் கோயிலுக்கு மேற்கே எழும் ஜவ்வாது மலையில், ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டால் வீட்டார் முதலில் யோசிப்பது வண்டி எதுவரை வரும் என்பதைத்தான். சாலை எட்டாத குக்கிராமம் என்றால் டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். சென்னையில் எழும்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ குடியிருப்பவளுக்கு அந்தக் கவலை இல்லை. ஆட்டோ பிடித்தால் பெரியாஸ்பத்திரி. நகரத்துக்காரி பிழைத்துக்கொள்வாள் என்று சொல்லத் தோன்றும். அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பிரசவத்தில் தாய் இறப்பதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று ததேயஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் எழுதினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று முடிவெடுக்கும் தாமதம், போய்ச் சேரும் தாமதம், போன பிறகு சிகிச்சை கிடைக்கும் தாமதம். முதல் இரண்டும் மலையில் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது, நகரத்து வார்டில் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

மலைக்கு அரசு கண்ட வழி எளிமையானது. வலி வருவதற்குள் ஆளை இறக்கிவிடுவது. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்கள் முறை வைத்துப் பணியாற்றுகிறார்கள். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. மலைப்பகுதிகளில் தேதி நெருங்கிய கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்க அறைகளும் உண்டு. சாமை அறுவடை நேரத்தில் வீட்டையும் ஆடு மாட்டையும் விட்டுவிட்டு யார் வந்து தங்குவார்கள் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் அந்த யோசனையில் ஒரு தெளிவு இருக்கிறது. ஆபத்து வரும் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்கிறார்கள்.

நகர மருத்துவமனையில் அந்தத் தெளிவைக் காணோம். வந்து சேர்ந்தாலே பாதி பிழைத்த மாதிரி என்ற நினைப்பு வந்தவர்களுக்கும் இருக்கிறது, பார்ப்பவர்களுக்கும் இருக்கிறது. நள்ளிரவு, பிரசவ வார்டில் கட்டிலெல்லாம் நிறைந்திருக்கிறது, ஒருத்திக்குக் குழந்தை பிறந்து கால் மணி நேரம் ஆகிறது. துணியிலும் பஞ்சிலும் ஊறிப்போன ரத்தத்தைக் கண்ணளவில் பார்த்து ‘கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு’ என்கிறார் நர்ஸ். அடுத்த கட்டிலில் இன்னொருத்தி முக்கிக்கொண்டிருக்கிறாள். ரத்தம் வேண்டும் என்று முடிவாகும்போது, சாம்பிள் குழாயைப் புருஷன் கையில் கொடுத்து ரத்த வங்கிக்கு அனுப்புகிறார்கள். எந்தக் கட்டடம், எந்த மாடி என்று அவன் கேட்டுக் கேட்டு ஓடுகிறான். பொருத்தம் பார்க்கவே முக்கால் மணி நேரம் பிடிக்கும். மலையில் சாலையாக இருந்த தூரம் இங்கே வராந்தாவாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கண்ணளவு பெரிய விவகாரம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஈ-மோட்டிவ் ஆய்வு 2023இல் வெளியானது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். தாயின் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்தார்கள். வடியும் ரத்தம் அதன் பையில் சேரும். கோட்டைத் தொட்டதும் கருப்பையைத் தேய்த்துவிடுவது, ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், சலைன், காயம் இருக்கிறதா என்ற பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார்கள். வழக்கமான முறையில், உதிரப்போக்கு ஏற்பட்டவர்களில் பாதி பேருக்கே அது கண்டுபிடிக்கப்பட்டது. விரிப்பு வைத்த இடத்தில் நூற்றுக்கு 93 பேருக்கு. கடுமையான உதிரப்போக்கும் அதன் பின்விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. இப்படியொரு விரிப்பைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பெலகாவி மருத்துவர்கள் கிராமப் பிரசவங்களில் பயன்படுத்திப் பார்த்தவர்கள்தான். கர்நாடகம், நமக்குப் பக்கத்து மாநிலம்.

நகரத்துக்கே உரிய சாவும் உண்டு. 2024 நவம்பரில் கர்நாடகத்தின் பல்லாரி மாவட்ட மருத்துவமனையில் சிசேரியன் ஆன பெண்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். நரம்பில் ஏற்றிய ரிங்கர் லாக்டேட் திரவத்தின் மீது சந்தேகம் விழுந்தது. இந்த ஆபத்தை மலை உச்சியில் இருப்பவள் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் சந்திக்கிறாள்.

மலையும் நகரமும் சந்திக்கும் இடம் ரெஃபரல். படவேட்டுப் பக்கத்துப் பெண்ணுக்குச் சிக்கல் என்றால் போளூர் அல்லது ஆரணி, அங்கிருந்து திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரி. இல்லையேல் மாவட்ட எல்லை தாண்டி வேலூரை ஒட்டிய அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி. ‘ரெஃபர் பண்ணிட்டோம்’ என்றதும் அனுப்பியவர் பொறுப்பு முடிகிறது. ‘லேட்டா கொண்டுவந்தாங்க’ என்று வாங்கியவர் கைகழுவுகிறார். இருவர் சொல்வதும் பல நேரம் உண்மை என்பதுதான் தொல்லை.

2018–20 கணக்கில் உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. கேரளத்துக்குப் பல சாதகங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, 2004 முதல் அங்கே மகப்பேறு மருத்துவர்கள் நடத்தும் ரகசிய மரண ஆய்வு. யார், எந்த ஆஸ்பத்திரி என்ற பெயரை எடுத்துவிட்டு, என்ன நடந்தது என்று மட்டும் அலசுகிறார்கள். தமிழ்நாட்டிலும் ஒவ்வொரு தாய் இறப்பும் தணிக்கைக்கு வருகிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் மெமோ வரும் என்ற பயத்தில் எழுதப்படும் கேஸ் ஷீட் உண்மையைச் சொல்லாது.

ஆகவே சுகாதாரத் துறைக்கு என் கோரிக்கை மூன்று. பிரசவ வார்டுள்ள ஒவ்வொரு நகர அரசு மருத்துவமனையும் அளவு விரிப்பை வாங்கட்டும். ரத்த வங்கிக்கு ஓட உறவினரை அல்ல, ஊழியரை வைக்கட்டும். மலையடிவாரத்திலிருந்து அனுப்பப்பட்ட தாய் இறந்தால், முதலில் அவளைப் பார்த்த கிராம சுகாதார செவிலியரும் கடைசியாகப் பார்த்த டாக்டரும், மாவட்டம் வேறானாலும், தண்டனைப் பயமில்லாமல் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்யட்டும்.