தறியிலிருந்து பேரேடு வரை: தமிழகக் கைவினைஞர் மீதான வரியும் கணக்கும்

தமிழகத்தில் நிலவரியின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. நெசவாளர், தட்டார், கொல்லர், தச்சர், குயவர், எண்ணெய் ஆட்டுவோர், சில்லறை வணிகர் போன்று சொந்தத் தொழிலால் வாழ்ந்தவர்கள் செலுத்திய வரிகளைப் பற்றிய பேச்சு குறைவு. அரசின் மொத்த வருவாயில் இவ்வரிகளின் பங்கு சிறியது. ஆனால் செலுத்தியவர்களுக்கு அவை பெருஞ்சுமையாக இருந்த காலங்கள் உண்டு.

இந்த வரலாறு முழுவதும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. நிலத்தைக் கோலால் அளக்கலாம், விளைச்சலைக் களத்தில் காணலாம். ஒரு தட்டார் ஓர் ஆண்டில் எவ்வளவு ஈட்டினார் என்பதை எப்படி அறிவது? அவர் சொல்வதை நம்புவதா, ஊரார் சொல்வதைக் கேட்பதா, அதிகாரி மதிப்பிடுவதா, எழுதிவைத்த கணக்கைப் பார்ப்பதா? ஒவ்வொரு காலமும் இக்கேள்விக்கு ஒரு விடையைக் கண்டது.

கருவியே கணக்கு: பல்லவர், சோழர் காலம்

பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் தொழில் சார்ந்த வரிகளின் பெயர்கள் நீண்ட பட்டியல்களாக வருகின்றன. பெரும்பாலும் இவை ஓர் ஊரைக் கோயிலுக்கோ பிராமணருக்கோ கொடையாக அளிக்கும்போது, அவ்வூரிலிருந்து கிடைக்கும் வருவாய்களை எண்ணிச் சொல்லும் இடங்கள்.

- தறியிறை: நெசவுத் தறிக்கான வரி
- செக்கிறை: எண்ணெய்ச் செக்குக்கான வரி
- தட்டாரப்பாட்டம்: பொற்கொல்லர் செலுத்தியது
- குசக்காணம்: குயவர் செலுத்தியது
- வண்ணாரப்பாறை: துணி வெளுப்போர் செலுத்தியது

இப்பெயர்களிலேயே வரிவிதிப்பின் முறை தெரிகிறது. தறி, செக்கு, வெளுக்கும் பாறை ஆகியவை எல்லோர் கண்ணிலும் படுபவை. அவற்றை ஒளித்துவைக்க முடியாது, எண்ணுவதும் எளிது. நெசவாளரின் வருமானத்தை அறிய முடியாத அரசு அவருடைய தறியை எண்ணியது. கருவியே கணக்கேடாக இருந்தது.

சோழ அரசில் வரிப் பதிவுகளுக்கெனத் தனி அமைப்பு இருந்தது. அது புரவுவரித் திணைக்களம் எனப்பட்டது. வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலீடு முதலிய பொறுப்புகளை வகித்த அலுவலர்களின் பெயர்கள் அரசாணைகளின் முடிவில் வரிசையாகக் காணப்படுகின்றன. வரிப்பொத்தகம் என்பது வரிகள் பதியப்பட்ட ஏடு. ஏடு அரசிடம் இருந்தது. தொழிலாளி தனியே கணக்கு எழுதிக் காட்டவேண்டிய தேவை எழவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராஜராஜனின் கல்வெட்டுகள், கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஊர்களின் நிலப்பரப்பில் வரி நீங்கிய இடங்களைத் தனியே கழித்துக் காட்டுகின்றன. ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாளர் குடியிருந்த கம்மாணச்சேரியும் அவற்றில் ஒன்று. குடியிருப்பு நிலத்துக்கு இறை இல்லை. ஆனால் தொழிலுக்கு இறை உண்டு.

1429: கணக்கு எழுத மறுத்த மக்கள்

விஜயநகர ஆட்சிக்காலத்தில் பணமாக வாங்கப்பட்ட வரிகள் பெருகின. தறிக்கடமை, செக்குக்கடமை, பட்டடை ஆயம் போன்ற பெயர்கள் கல்வெட்டுகளில் அடிக்கடி வருகின்றன. வரி வசூலிக்கும் உரிமை படைத்தலைவர்களிடமும் அதிகாரிகளிடமும் சென்றது. அவர்களில் பலர் வேற்றிடங்களிலிருந்து வந்தவர்கள்.

இரண்டாம் தேவராயர் காலத்தில், 1429ஆம் ஆண்டில், காவிரி வடிநிலத்திலும் அதன் வடக்கிலும் வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒன்றுகூடி வரிக்கொடுமைக்கு எதிராக நின்றனர். பொதுவாக ஒருவரோடொருவர் மோதிக்கொண்ட இரு பிரிவுகள் அவை. வேளாண் குடிகளோடு நெசவாளர், கம்மாளர், வணிகர் முதலியோரும் அவற்றில் அடங்குவர். விருத்தாசலம், திருவைகாவூர், கொறுக்கை, ஆடுதுறை ஆகிய ஊர்க் கல்வெட்டுகள் இந்நிகழ்வைப் பற்றிப் பேசுகின்றன. ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

கூடிய மக்கள் எந்த வரியைச் செலுத்துவது, எவ்வளவு செலுத்துவது என்று தாங்களே வரையறுத்துக் கல்லில் வெட்டினர். தங்களை ஒடுக்கிய அதிகாரிகளுக்கும் நிலவுடைமையாளர்களுக்கும் அடைக்கலம் தருவதில்லை, அவர்களுக்குக் கணக்கு எழுதுவதில்லை என்றும் உறுதி எடுத்தனர். கணக்கு எழுத மறுப்பது போராட்டத்தின் ஓர் ஆயுதமாக இருந்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. உள்ளூர்க் கணக்கர் இல்லாமல் எந்தத் தறி யாருடையது என்று வெளியிலிருந்து வந்த அதிகாரி அறிய முடியாது.

மோதர்பா: கம்பெனி ஆட்சியின் தொழில்வரி

கிழக்கிந்தியக் கம்பெனி தமிழகத்தின் ஆட்சியைக் கைப்பற்றியபோது நிலவரியோடு இத்தகைய வரிகளையும் பெற்றுக்கொண்டது. இவை மோதர்பா என்ற பெயரால் அறியப்பட்டன. கைத்தொழில் செய்பவரைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. தறி, செக்கு, கடை, வீடு, தொழிற்கருவி எனப் பலவற்றின் மீதும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபட்ட அளவில் இவ்வரி விதிக்கப்பட்டது.

சில மாவட்டங்களில் வணிகர்கள் மீது வீசபடி என்ற வரி இருந்தது. ஓர் ஊர் வணிகர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரு தொகை விதிக்கப்படும். வணிகர்கள் அதைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வர். வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. யார் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது ஊர் வணிகர்களுக்குத் தெரியும் என்பதே இம்முறையின் அடிப்படை. அதிகாரிக்குத் தெரியாததை அண்டைக் கடைக்காரர் அறிவார். அதே காரணத்தால் செல்வாக்கு உள்ளவர் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு எளியவர் தலையில் ஏற்றுவதற்கும் இடமிருந்தது.

மோதர்பாவின் பதிவுகள் ஊர்க் கர்ணத்திடம் இருந்தன. நிலவரியோடு சேர்த்து ஆண்டுதோறும் ஜமாபந்தியில் இவ்வரியும் முடிவு செய்யப்பட்டது. ஊருக்குப் புதிதாக ஒரு தறி வந்ததா, ஒரு செக்கு நின்றுபோனதா என்பதைக் கர்ணமும் மணியக்காரரும் சொல்வதே சான்று. நெசவாளர் கையில் எந்த ஏடும் இல்லை. தறி ஓடவில்லை என்று அவர் சொன்னால் அதை மெய்ப்பிக்க வழியும் இல்லை.

பம்பாய் மாகாணத்தில் இத்தகைய தொழில்வரிகள் 1844ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் அவை தொடர்ந்தன. கஜுலு லட்சுமிநரசு செட்டி முதலியோர் 1852இல் தொடங்கிய சென்னை சுதேச சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் மோதர்பாவைக் கடுமையாக எதிர்த்தது. நெசவாளர், தச்சர், உலோக வேலை செய்வோர், சிறு விற்பனையாளர் என எவரையும் அது விட்டுவைக்கவில்லை என்றும், மலிவான ஒரு கருவியின் விலையைப் போல ஆறு மடங்கு தொகை அக்கருவியைப் பயன்படுத்தும் உரிமைக்கு வரியாகச் செல்வதுண்டு என்றும் விண்ணப்பம் கூறியது.

வசூல் முறை மேலும் கொடியது. அரசு அமைத்த சென்னைச் சித்திரவதை விசாரணை ஆணையம் 1855இல் தன் அறிக்கையை அளித்தது. வரி வசூலுக்காகக் கீழ்நிலை அலுவலர்கள் மக்களைத் துன்புறுத்தியது உண்மை என்று அது ஒப்புக்கொண்டது. தலையையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனியவைக்கும் அண்ணாந்தாள், விரல்களை மரச்சட்டங்களுக்கிடையே நெரிக்கும் கிட்டி ஆகியவை அறிக்கையில் பெயர் சொல்லி விளக்கப்பட்டன. முறையீடுகளில் பெரும்பகுதி நிலவரி தொடர்பானவை. ஆனால் தொழில்வரியை வாங்கியவர்களும் அதே அலுவலர்களே. இவ்வறிக்கையின் செய்திகளைக் கொண்டு கார்ல் மார்க்ஸ் 1857இல் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார்.

வருமான வரியின் வருகை

1857 கிளர்ச்சிக்குப் பின் அரசின் கடன் பெருகியது. நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் 1860இல் வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருமானத்துக்கு விலக்கு. 200 முதல் 500 ரூபாய் வரை 2 விழுக்காடும் அதற்குமேல் 4 விழுக்காடும் வரி. கருவியை எண்ணும் முறை போய், வருமானத்தை மக்களே எழுதிக்கொடுக்கும் முறை இச்சட்டத்தோடு நுழைந்தது. அரசு அச்சிட்ட படிவத்தை நிரப்பும் பழக்கம் சிறு தொழிலாளர்களுக்குப் புதிது. எழுதத் தெரியாதவர்கள் மிகப் பலர்.

சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் இவ்வரியை வெளிப்படையாக எதிர்த்துத் தன் குறிப்பைச் செய்தித்தாளில் வெளியிடச் செய்தார். அதனால் அவர் 1860லேயே திரும்ப அழைக்கப்பட்டார். பின்னர் அவரே இந்திய அரசின் நிதி உறுப்பினராக வந்தார். அவர் காலத்தில், 1865இல், வருமான வரி முடிவுக்கு வந்தது.

அடுத்த இருபது ஆண்டுகள் சோதனைக் காலம். 1867இல் உரிம வரி, 1868இல் சான்றிதழ் வரி, 1869 முதல் 1873 வரை மீண்டும் வருமான வரி எனச் சட்டங்கள் மாறி மாறி வந்தன. தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், பஞ்ச நிவாரண நிதி திரட்ட 1878இல் வணிகம், கைத்தொழில் மீது உரிம வரி விதிக்கப்பட்டது. பஞ்சத்தில் நொடிந்தவர்களிடமே பஞ்ச நிதிக்கு வரி கேட்கப்பட்டது. இவ்வரியை எதிர்த்து அவ்வாண்டு சூரத் நகரில் கலவரம் மூண்டது.

1886ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் நிலையான வடிவம் தந்தது. வேளாண் வருமானத்துக்கு விலக்கு. மற்றவர்க்கு வரம்பு 500 ரூபாய். 2,000 ரூபாய்க்குக் கீழ் ஈட்டிய தொழில்செய்வோருக்குத் துல்லியமான கணக்கு கேட்கப்படவில்லை. அவர்களைப் படிநிலைகளாகப் பிரித்து நிலையான தொகை விதிக்கப்பட்டது. 500 முதல் 750 ரூபாய் வரை ஈட்டுபவருக்கு 10 ரூபாய், 750 முதல் 1,000 வரை 15 ரூபாய். யார் எந்தப் படியில் என்பதைக் கலெக்டர் அலுவலகப் பட்டியல் முடிவு செய்தது. ஏற்காதவர் மனுச் செய்யலாம். ஆனால் மனுவோடு காட்ட ஏதாவது கணக்கு வேண்டும். வரம்பு 1903இல் 1,000 ரூபாயாகவும் 1919இல் 2,000 ரூபாயாகவும் உயர்ந்தபோது கைவினைஞர்களில் பெரும்பாலோர் இவ்வரியிலிருந்து விடுபட்டனர்.

கணக்கேடும் ஆய்வும்

1922ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், ஒருவர் வழக்கமாகப் பின்பற்றும் கணக்கு முறையை ஏற்று அதன்படி வருமானம் கணக்கிடப்பட்டது. கணக்கு இல்லாவிட்டால், அல்லது கேட்டும் காட்டாவிட்டால், அதிகாரி தன் அறிவுக்கு எட்டியவரை மதிப்பிடலாம். இதனால் பேரேடும் குறிப்பேடும் வரிசெலுத்துபவரின் கேடயமாக மாறின. எழுதிவைத்தவர் எதிர்வாதம் செய்ய முடிந்தது. எழுதாதவர் அதிகாரியின் மதிப்பீட்டை ஏற்கவேண்டியிருந்தது.

1961ஆம் ஆண்டுச் சட்டம் 1962 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அதில் சேர்ந்த மூன்று ஏற்பாடுகள் சிறு தொழில் செய்வோருக்கு முக்கியமானவை.

- 133ஏ பிரிவு (1964): தொழில் நடக்கும் இடத்துக்கு, தொழில் நேரத்தில் வந்து ஏடுகளையும் சரக்கையும் பார்க்கும் ஆய்வு. இது சோதனையிலிருந்து வேறுபட்டது. ஆய்வுக்கு வரும் அதிகாரி பணத்தையோ சரக்கையோ எடுத்துச்செல்ல முடியாது. ஏடுகளைத் தற்காலிகமாகத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் அதிகாரம் 2002இல் அளிக்கப்பட்டது.
- 44ஏஏ பிரிவு (1976 முதல்): குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமோ விற்பனையோ உள்ளவர்கள் கணக்கேடுகளைப் பேணுவது கட்டாயம்.
- 44ஏபி பிரிவு (1984): பெரிய அளவில் விற்பனை உள்ளவர்கள் கணக்காயரிடம் வரித் தணிக்கை செய்துகொள்ள வேண்டும்.

மீண்டும் மதிப்பீடு

கணக்கு எழுதுவதற்கும் செலவு உண்டு. ஒற்றை ஆளாக மின்வேலை செய்பவரோ தையற்காரரோ கணக்கர் வைத்துக்கொள்ள முடியாது. ராஜா செல்லையா தலைமையில் 1991இல் அமைக்கப்பட்ட வரிச் சீர்திருத்தக் குழுவின் காலத்தில் இச்சிக்கல் விரிவாகப் பேசப்பட்டது. 1992இல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்குள் விற்பனை செய்யும் சிறு வணிகர்கள் 1,400 ரூபாய் செலுத்தினால் போதும் என்ற திட்டம் வந்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

1994இல் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்காக வந்த 44ஏடி பிரிவு பின்னர் மற்றச் சிறு தொழில்களுக்கும் விரிந்தது. இதன்படி மொத்த விற்பனையில் 8 விழுக்காட்டை வருமானமாகக் காட்டினால் விரிவான கணக்கேடு தேவையில்லை. வங்கி வழியாக வரும் தொகைக்கு இது 6 விழுக்காடு. இத்திட்டத்துக்கான விற்பனை வரம்பு 2016இல் 2 கோடி ரூபாயாக உயர்ந்தது. ரொக்க வரவு 5 விழுக்காட்டைத் தாண்டாதவர்களுக்கு 2023 முதல் 3 கோடி ரூபாய்.

இது பழைய தறியிறையின் தொலைதூர உறவு எனலாம். கண்ணுக்குத் தெரியும் ஓர் அளவை எடுத்துக்கொண்டு, தெரியாத வருமானத்தை அதிலிருந்து ஊகிப்பதே இரண்டிலும் உள்ள வழி. அன்று தறி, இன்று வங்கி வரவு. ஆனால் ஒரு வேறுபாடு அடிப்படையானது. தறியிறையை ஏற்பதா மறுப்பதா என்று நெசவாளரிடம் எவரும் கேட்கவில்லை. இன்று தன் உண்மையான ஆதாயம் 8 விழுக்காட்டுக்குக் குறைவு என்று கருதுபவர் கணக்கைக் காட்டி, தேவையானபோது தணிக்கையும் செய்து, குறைந்த வருமானத்துக்கே வரி செலுத்தலாம். அந்த உரிமையைப் பயன்படுத்த அவரிடம் கணக்கேடு இருக்கவேண்டும். மோதர்பா காலத்து நெசவாளரிடம் இல்லாமற்போனது அந்த ஏடுதான்.