கரிசல் மண்ணின் ஊருணியும் பள்ளிக்கூடத்துக் கூரையும்

உமறுப்புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரம், கோவில்பட்டிக்குக் கிழக்கே அமைந்துள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய அப்பெரும்புலவர், அதன் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டை மழை பொழிந்து வெள்ளம் பாயும் வளநாடாக வருணிக்கிறார். அது தமிழ்க் காப்பிய மரபு என்பர் அறிஞர். ஆயினும், அவர் வாழ்ந்த சீமையை அறிந்தவர்க்கு அவ்வருணனையில் கரிசல் மண்ணின் தாகமும் புலப்படும்.

இவ்வட்டாரத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெய்யும். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையே. 1901 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம், மழையை மட்டுமே நம்பி விளையும் பருத்தியையும் சோளத்தையும் ஆராய்ந்து பெயர் பெற்றது.

கரிசல் மண்ணின் இயல்பு தனித்தன்மை வாய்ந்தது. கோடையில் அது வெடித்துப் பிளக்கும். முதல் மழை அவ்வெடிப்புகளில் இறங்கும். ஈரம் பட்டதும் களி உப்பி வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதன்பின் நீர் ஆழத்திற்கு இறங்குவது மிக மெதுவாகவே நிகழும். இம்மண் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பயிரைக் காக்கும். கிணறுகளுக்கோ நீர் எளிதில் ஊறாது. ஊறினாலும் பல ஊர்களில் அது உவர்நீராகவே இருக்கும்.

ஆகவே நம் முன்னோர் மழைநீரை நிலத்தின்மேல் தேக்கினர். பாசனத்திற்குக் கண்மாய் வெட்டியவர்கள், குடிநீருக்கெனத் தனியே ஊருணி அமைத்தனர். ஊருணியில் குளிப்பதும் துணி துவைப்பதும் மாடுகளை இறக்குவதும் விலக்கப்பட்டிருந்தன. கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளியவைத்தனர். எனினும், பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அந்த நீர் மறுக்கப்பட்டதும் வரலாறே. மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கிய உஸ்மான் (ரலி) அவர்களைப் போற்றும் நாம், இதையும் நம் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பிற்காலத்தில், சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி நீர் குழாய் வழியே கோவில்பட்டிக்கு வந்தது. குடம் சுமந்து நெடுந்தொலைவு நடந்த பெண்களுக்கு அது பெரும் ஆறுதல். ஆனால், குழாயைத் திறந்ததும் நீர் வருவதைக் கண்டே வளரும் பிள்ளைக்கு, அந்நீர் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாமலே போய்விடுகிறது.

2003 ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பல இடங்களில் ஜல்லியும் மணலும் நிரப்பிய உறிஞ்சுகுழிகள் அமைக்கப்பட்டன. மணற்பாங்கான நிலத்தில் அவை நல்ல பயன் தரும். ஆழ்ந்த கரிசலில் களிமண் நீரை எளிதில் இறங்க விடாது. இங்குள்ள பள்ளிகளுக்கு ஊருணி முறையே பொருந்தும். அதாவது, கூரையில் விழும் நீரைக் குழாய் வழியே இறக்கி, மூடிய தொட்டியில் தேக்க வேண்டும்.

இதன் கணக்கை ஐந்தாம் வகுப்பு மாணவரும் போடலாம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 300 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 15,000 லிட்டர். கால்பங்கு வீணானாலும் 11,000 லிட்டருக்கு மேல் எஞ்சும். கூரையைக் கழுவிவரும் முதல் மழைநீரை வெளியேற்றிவிட்டுத் தேக்கினால், கழிப்பறைக்கும் மரக்கன்றுகளுக்கும் அது உதவும்.

சேமித்ததை அளந்து செலவிடுவதும் கல்வியே. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அது ஏறத்தாழ ஒரு லிட்டரோ அதற்கும் குறைவோ ஆகும். ஒரு லிட்டர் குவளையைப் பிள்ளையிடம் கொடுத்து, அந்த நீரில் உளூச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். திறந்த குழாயில் எவ்வளவு வீண்விரயம் ஆகிறது என்பதைத் தானே உணர்ந்துகொள்ளும்.

பெற்றோர்களே, ஐப்பசி மழைக்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள்: கூரை தூய்மையாக உள்ளதா? வடிகுழாய் அடைப்பின்றி உள்ளதா? அந்நீர் தொட்டிக்குச் செல்கிறதா, தெருவுக்கா? இறைவன் இறக்கும் ரஹ்மத்தான மழை நம் பொறுப்பில் விடப்பட்ட அமானிதம். அதைப் பேணும் நன்மக்களாக நம் பிள்ளைகளை ஆக்க அவனே அருள்புரிவானாக.