எஞ்சின் மாத்தின பிக்கப்: யாரும் எழுதி வைக்காத ஒரு வரலாறு

கல்முனைப் பக்கம் ஓடுகிற பழைய பிக்கப் ஒன்றுக்கு என்ன வயசு எண்டு கேட்டால் ஒரே பதில் வராது. பொடி 1960களில் இங்கிலாந்தில் செய்தது. எஞ்சின் 1970களில் ஜப்பானில் செய்தது. பின்பெட்டி ஊர்க் கராஜில் அடித்தது. டிஃபரன்ஷியல் வேறொரு வண்டியிலிருந்து வந்தது. ஆனாலும் எல்லாருக்கும் அது ஒரே வண்டிதான். "வாப்பாட வண்டி", "மாமாட வண்டி" எண்டு ஒரு பேரும் அதற்கு இருக்கும்.

நாங்கள் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறோம். கல்வெட்டு, செப்பேடு, காலனித்துவ அறிக்கை எல்லாம் ஆதாரம் எண்டு சொல்லித் தந்திருக்கிறார்கள். எங்கட வீட்டு வாசலில் நிற்கிற பிக்கப்பும் ஒரு ஆதாரம்தான் என்பதை இந்தக் கட்டுரையில் காட்டப் பார்க்கிறோம். ஒரு வண்டிக்கு எஞ்சின் மாத்துவது வெறும் மெக்கானிக் வேலை மாதிரித் தெரியும். ஆனால் எந்த எஞ்சின், எப்போது, ஏன் வந்தது எண்டு கேட்கத் தொடங்கினால், இலங்கையின் கடந்த அறுபது வருசப் பொருளாதாரம் பொனட்டுக்குள்ள கிடக்கிறது தெரியும்.

முதலில் ஊரின் அமைப்பு. ரயில் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அந்தப் பாதை 1928இல் வந்தது. அதற்குத் தெற்கே அது நீளவே இல்லை. மருதமுனை நெசவும், சாய்ந்தமருது மீனும், சம்மாந்துறை நெல்லும், நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வியாபாரமும் ரோட்டால்தான் போக வேண்டும், ரோட்டால்தான் வர வேண்டும். எங்கட பிரதான வீதியே கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குப் போகிற ஏ4 வீதிதான். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தொடங்கி, இங்கினியாகலையில் அணை எழும்பி, உள்நாட்டில் புதுசாக வயல் விரிந்த பிறகு சாமான் ஏத்துற வேலை இன்னும் கூடியது. லொறி வாங்க வசதியில்லாத, மாட்டு வண்டிலும் காணாத சின்ன வியாபாரிக்கு நடுவில் ஒரு வண்டி தேவைப்பட்டது. பிக்கப் அந்த இடத்தை நிரப்பியது.

இலங்கையில் அந்த இடத்துக்கு முதலில் வந்தவற்றில் ஒன்று மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கார் 1948இல் லண்டனில் அறிமுகமானது. 1953இலிருந்து அதற்கு வேனும் பிக்கப்பும் வந்தன. காருக்கு இல்லாத தனிச் சேசி இவற்றுக்கு இருந்தது. பாரம் தாங்கியதும், பின்னாளில் வெட்டி ஒட்ட வசதியாக இருந்ததும் அதனால்தான். எஞ்சின் சின்னது. 803 சீசீயில் தொடங்கி, 948 ஆகி, 1962இல் 1098 சீசீ ஆனது. அதற்கு மேல் போகவில்லை. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மைனர் உற்பத்தியே நிண்டு போச்சு.

இங்கே அதற்கு முன்னமே கதவு சாத்தப்பட்டுவிட்டது. 1960களின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடி வந்தபோது அரசாங்கம் வாகன இறக்குமதியை இறுக்கியது. 1970 முதல் 1977 வரையான சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் அந்த இறுக்கம் இன்னும் கூடியது. 1973இல் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறியது. புது வண்டி இல்லை, உதிரிப்பாகம் கிடைப்பது கஷ்டம், பெற்றோல் விலை அதிகம். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் மனிசர் என்ன செய்வார்கள்? இருக்கிறதைச் சாகவிடாமல் வைத்துக்கொள்வார்கள். பிஸ்டன் ரிங்கை லேத்தில் கடைந்து பொருத்துவது, புஷ்ஷை ஊரில் வார்ப்பது, ஒரு வண்டியை அறுத்து இரண்டு வண்டியை ஓட வைப்பது எல்லாம் அந்தத் தேவையில் பிறந்த கைத்திறன். எங்கட நாட்டில் மெக்கானிக்கை "பாஸ்" எண்டு மரியாதையாகக் கூப்பிடுவது சும்மா வந்த பழக்கமில்லை.

1977இல் ஜே. ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். அதன் பிறகு ஜப்பான் வண்டிகள் வந்து குவிந்தன. புது வண்டி மட்டுமில்லை. பாவித்த வண்டி, பாவித்த எஞ்சின், பாவித்த கியர் பொக்ஸ் எல்லாம் வந்தன. கொழும்புப் பஞ்சிகாவத்தை அவற்றின் சந்தையாக நாடு முழுக்கப் பேர் பெற்றது. எஞ்சின் மாத்துற வேலை ஊர் வழக்கமாகப் பரவியது இந்தக் காலத்தில்தான். மொறிஸ் மைனருக்குள் டட்சன் 1200இன் எஞ்சினை இறக்குவது இலங்கையில் எல்லாருக்கும் தெரிந்த வேலை. அந்த நிஸான் எஞ்சின் 1171 சீசீ. அளவில் மொறிஸ் எஞ்சினுக்குக் கிட்ட, பலத்தில் கூட, உதிரிப்பாகமும் கைக்கு எட்டும் தூரத்தில்.

இதில் ஒரு சுவையான சுத்து இருக்கு. 1952இல் நிஸான் கம்பெனி இங்கிலாந்தின் ஒஸ்டின் கம்பெனியோடு உடன்படிக்கை செய்து, ஜப்பானில் ஒஸ்டின் கார்களைப் பொருத்தத் தொடங்கியது. அதே 1952இல்தான் ஒஸ்டினும் மொறிஸும் ஒரே கம்பெனியாக இணைந்தன. மைனருக்குப் பிறகு வந்த ஏ சீரிஸ் எஞ்சினே ஒஸ்டின் செய்ததுதான். அதாவது ஒஸ்டினிடம் வேலை பழகிய ஜப்பான்காரனின் எஞ்சின், கால் நூற்றாண்டு கழித்து, ஒஸ்டின் எஞ்சின் இருந்த இடத்திலேயே வந்து குந்தியிருக்கிறது. அது நடந்தது பேர்மிங்ஹாமிலோ யோகோஹாமாவிலோ இல்லை, இலங்கையின் ஊர்க் கராஜ்களில். பின்னாளில் மொறிஸ் மைனருக்கான பொடித் தகடுகளை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்த கதையும் உண்டு. படித்தவனிடமே வாத்தியார் பாடம் கேட்க வந்த மாதிரி.

அடுத்த கட்டம் டீசல். இலங்கையில் பல பதிற்றாண்டுகளாக டீசல் பெற்றோலை விட விலை குறைவு. ஐஸ் பெட்டியோடு மீன் ஏத்தி, விடியப்புறம் சந்தைக்கு ஓடுகிறவருக்கு அந்த வித்தியாசம்தான் லாபம். 1968இல் தொடங்கிய டொயோட்டா ஹைலக்ஸ் முதலில் பெற்றோல் எஞ்சினோடு மட்டும் வந்தது. 1970களின் முடிவில்தான் அதற்கு 2188 சீசீ டீசல் எஞ்சின் கிடைத்தது. பிறகு வந்த 2எல் எஞ்சின் 2446 சீசீ. பழைய பெற்றோல் ஹைலக்ஸ் வைத்திருந்தவர் ஒரு பாவித்த 2எல்லை வாங்கி இறக்கினால், புது பிக்கப்புக்குக் கொடுக்கிற காசில் ஒரு பகுதியோடு டீசல் வண்டிக்காரர் ஆகிவிடலாம். நிஸானுக்கு டீடீ27 எண்ட 2663 சீசீ எஞ்சின். ஜீப்புக்கும் லேண்ட் ரோவருக்கும் கூட இப்படி ஜப்பான் டீசல்கள் ஏறின.

இது எங்கட நாட்டு விசித்திரம் எண்டு நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1932இல் தொடங்கிய பேர்கின்ஸ் கம்பெனியின் டீசல் எஞ்சின்கள், பெற்றோல் லொறிகளுக்கு மாற்று எஞ்சினாகப் போடப்பட்டே பேர் பெற்றவை. எங்கட வயலில் உழுத மெஸி ஃபேர்கசன் 135 டிராக்டருக்குள் இருப்பதும் பேர்கின்ஸ்தான். இந்தியாவில் அம்பாசடர் காருக்கு 1990களில் கம்பெனியே பழைய எஞ்சினைக் கைவிட்டு இசுசு எஞ்சினைப் போட்டது. கியூபாவில் அமெரிக்கத் தடைக்குப் பிறகு, 1950களின் அமெரிக்கக் கார்கள் வேறு நாட்டு டீசல் எஞ்சின்களோடு இன்றைக்கும் டாக்ஸியாக ஓடுகின்றன. கதவு சாத்தப்பட்ட இடமெல்லாம் இந்தக் கைவேலை வளர்ந்திருக்கிறது.

ஆனால் இந்தக் கதையை "எங்கட பாஸ்மார் கெட்டிக்காரர்" எண்டு பாராட்டி முடித்துவிட எங்களுக்கு மனமில்லை. அதில் ஒரு பயங்கரமான பக்கமும் இருக்கு.

பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். பிரேக் பூஸ்டர் வேலை செய்வது அந்த வெற்றிடத்தால். டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் கிடையாது. அதனால் தனியாக ஒரு வெக்குவம் பம்ப் வேணும். டொயோட்டா 2எல்லில் அது ஒல்டனேட்டரின் பின்பக்கத்தில் இருக்கும். எஞ்சினை வாங்கும்போது ஒல்டனேட்டரை மிச்சம் பிடிக்கப் போய் வேறு ஒண்டைப் பூட்டினால், வண்டி ஓடும், லைட் எரியும், பெற்றரி சார்ஜ் ஆகும். ஆனால் பிரேக் மிதி கல்லுப் போல இறுகிவிடும். பாரம் ஏத்தின வண்டி, சந்தைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிற நேரம். மிச்சத்தை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இன்னும் இருக்கு. டீசல் எஞ்சின் பாரம் கூடியது, முன் ஸ்பிரிங் தாழும். பழைய ரேடியேட்டர் காணாது, சூடேறி ஹெட் வெடிக்கும். டீசல் குறைந்த சுற்றில் இழுப்பது; டிஃபரன்ஷியலின் பல் கணக்குப் பொருந்தாவிட்டால் எஞ்சின் கத்தும், வண்டி ஓடாது. மொறிஸின் சின்ன டிரம் பிரேக் முப்பது நாப்பது குதிரைவலுவுக்குச் செய்தது. அதற்கு இரண்டு மடங்கு பலத்தை அதில் கட்டினால் நிப்பாட்டுவது யார்? எஞ்சின் மாத்துறதில் எஞ்சினை இறக்குவது பாதி வேலை. மற்றப் பாதி வெளியில் தெரியாது, அதற்குக் காசு கொடுக்கவும் ஆள் பின்னிற்கும். நல்ல பாஸை அடையாளம் காண்பது அந்த மற்றப் பாதியில்தான்.

எங்கட கரைக்கு இன்னொரு எதிரியும் உண்டு: உப்புக் காற்று. உள்நாட்டில் எஞ்சின் தேய்ந்து வண்டி சாகும். கரையில் எஞ்சின் நல்லாக இருக்க, பொடியும் சேசியும் உக்கிச் சாகும். 2004 டிசம்பர் 26இல் கடலே ஊருக்குள் வந்தது. சுனாமியில் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான். அந்த இழப்புக்கு முன்னால் வாகனத்தைப் பற்றிப் பேசுவது சின்ன விசயம். ஆனால் உயிர் தப்பியவர்களுக்கு அடுத்த வாரம் உழைக்க வேண்டி இருந்தது. உப்புத் தண்ணி புகுந்த எஞ்சினை உடனே கழட்டிக் கழுவாவிட்டால் உள்ளே துரு பிடித்து இறுகிவிடும். அப்படிப்பட்ட நாளில் ஒரு ஊருக்கு மெக்கானிக்கின் கை எவ்வளவு பெறுமதி என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிறகு 2020 மார்ச். கொரோனாவோடு டொலர் பிரச்சினையும் சேர, அரசாங்கம் வாகன இறக்குமதியை நிப்பாட்டியது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரி வரை நீடித்தது. இடையில் 2022இல் நாடே வங்குரோத்து. எங்கட வயசுக்காரர் புத்தகத்தில் படித்த 1970களை எண்ணெய் வரிசையில் நிண்டு பார்த்தோம். பழைய பிக்கப்பின் விலை ஏறியது. இரும்புக் கடைக்குப் போக இருந்த வண்டிகள் திரும்பக் கராஜுக்கு வந்தன. வாப்பாமாருக்குத் தெரிந்த கைவேலை மகன்மாருக்குத் தேவைப்பட்டது.

அந்த 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது கேட்கப்பட்டது வண்டி இலக்கமும் சேசி இலக்கமும். எஞ்சின் எத்தனை தரம் மாறினாலும் வண்டியின் அடையாளம் சேசியில்தான். சட்டப்படி எஞ்சின் மாத்தினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்து, பதிவுப் புத்தகத்தில் புது இலக்கத்தை ஏத்த வேண்டும். இந்த அலைச்சலுக்குப் பயந்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள். புத்தகத்தில் ஒரு எஞ்சின், வண்டியில் இன்னொரு எஞ்சின். விபத்து நடந்து காப்புறுதி கேட்கும்போதும், வண்டியை விற்கப் போகும்போதும் அந்தப் பொய் பல்லை இளிக்கும்.

வரலாறு படிக்கிறவர்களுக்கும் அது நட்டம்தான். பதிவுப் புத்தகத்தில் முன்னைய உரிமையாளர் பேர், எஞ்சின் கொள்ளளவு, எரிபொருள் வகை எல்லாம் இருக்கும். இலக்கத் தகட்டில் சிங்கள "ஸ்ரீ" இருந்தால், 1957இல் தொடங்கிய அந்த எழுத்துக்கு எதிரான போராட்டமும் அந்தத் தகட்டிலேயே இருக்கிறது. ஒரு வண்டி யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது, சிங்களவர், தமிழர், முஸ்லிம் கைகளில் எப்படி மாறி வந்தது என்பதை அரசியல்வாதியின் பேச்சை விட அந்த நாலு பக்கம் நேர்மையாகச் சொல்லும். ஆனால் எஞ்சின் மாத்தின கதை அதில் பாதிக்குப் பாதி இல்லை. அது பாஸ்மாரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. அவர்கள் எழுதி வைப்பதில்லை. எந்த எஞ்சினுக்கு எந்த பெல் ஹவுசிங் பொருந்தும், எந்த மவுண்டை எத்தனை அங்குலம் நகர்த்த வேணும் எண்டதெல்லாம் கையில் இருக்கிற அறிவு. கை போனால் அதுவும் போகும். இப்ப இறக்குமதி திறந்துவிட்டது, ஹைபிரிட்டும் மின்சார வண்டியும் வருது. இந்த அறிவைத் தேடி வர இளசுகள் குறைவு.

எங்களுக்கு வாகனம் திருத்தத் தெரியாது. எழுதத் தெரியும், கேட்கத் தெரியும். வீட்டில் பழைய பிக்கப் இருக்கிறவர்கள் முதலில் பிரேக் பூஸ்டருக்கு வெக்குவம் வருதா எண்டு பார்ப்பியுங்கள். எஞ்சின் இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். பிறகு வாப்பாவிடமோ மூத்தப்பாவிடமோ மூன்று கேள்வி கேளுங்கள்: எஞ்சின் எப்ப மாத்தினது, எங்கே வாங்கினது, ஏன் மாத்தினது? பதிலை ஊரோடும் வருசத்தோடும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். நூறு வண்டியின் கதை சேர்ந்தால், எங்கட கரையின் பொருளாதார வரலாற்றில் ஒரு அத்தியாயம் எழுத அது காணும்.