வெள்ளை பூசும் வேளை

நாட்டின் வரலாற்றை அரண்மனை வாயிலில் நின்று எழுதியோர் உண்டு. கோபுரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்து எழுதியோரும் உண்டு. குடிமகன் வீட்டுச் சுவரைப் பார்த்து எழுதியோர் மிகச் சிலரே. ஆனால் அந்தச் சுவரும் ஓர் ஏடுதான்! அதில் வெள்ளை எப்போது ஏறியது, எவர் சுவரில் ஏறியது, எவர் சுவரில் ஏற விடப்படவில்லை என்று கேட்போமானால், ஒரு சமுதாயத்தின் கதையே நம் கண்முன் விரியும்.

தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. வானையும் வயலையும் பார்த்துப் பழகிய மக்களின் பகுப்பு இது. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபரின் பின்பாதியில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. கூதிரில் நனையும் சுவர் முன்பனி முடிவதற்குள் காயத் தொடங்குகிறது. பொங்கலை ஒட்டி வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் இந்தக் கணக்கோடு பொருந்தி நிற்கிறது.

அது ஏன் பொருந்துகிறது என்பதை அறிவியல் சொல்கிறது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டுச் சுட்டால், அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறுகிறது. எஞ்சிய கட்டியில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறுகிறது. அந்த நீற்றைக் கரைத்துச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல வாங்கி மீண்டும் கல்லாகிறது. ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக், 1756 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இந்த வாயுவின் போக்கையும் வரவையும் எடைபோட்டு விளக்கினார்.

பூச்சு கல்லாக நாட்கள் வேண்டும். அதற்குள் அடைமழை அடித்தால் வெள்ளை வழிந்து வாசலில் ஓடும். கொளுத்தும் வெயிலில் சட்டென உலர்ந்தால், கை பட்டதும் பொடியாய் உதிரும். சிறிது ஈரமும் இளவெயிலும் கலந்த தை மாதமே அதற்குத் தக்க மாதம். நல்ல நேரம் என்பது இதுவன்றி வேறென்ன? இராகுகாலம் தவிர்த்துப் பூசிய சுண்ணாம்பு என்பதற்காக ஐப்பசி மழை இரக்கம் காட்டியதுண்டா? ஈரம் அறியாத பஞ்சாங்கம் சுவரைக் காக்காது!

வானம் இசைந்தால் போதுமா? போதாத காலமும் இருந்தது. கூதிர்க் காலத்தைப் பாடும் நெடுநல்வாடை, பாண்டியன் அரண்மனையின் சுதை பூசிய சுவர்களைக் காட்டுகிறது. அரசன் சுவர் வெளுக்க எவர் அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் அரண்மனையைக் கட்டியவன் சுவர்?

கரூர் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டு அதற்கு விடை கூறுகிறது. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டம் பூண்ட வேந்தன், தன் 15 ஆம் ஆட்சியாண்டில், கொங்கு நாட்டுக் கம்மாளருக்குச் சில உரிமைகளை வழங்கினான். மணவீட்டிலும் பிணவீட்டிலும் இரட்டைச் சங்கு ஊதலாம். பேரிகை முதலியன கொட்டலாம். வெளியே செல்கையில் காலில் செருப்பு அணியலாம். தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். ஆடி மாதம் முதல் இவை செல்லும் என்பது ஆணை.

சிந்தித்துப் பாருங்கள், தோழர்களே! கல்லை உயிர்ச்சிலை ஆக்கியவர்கள், கதவையும் கலப்பையையும் செய்து தந்தவர்கள், தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசாணை பெற வேண்டியிருந்தது! உரிமை வழங்கினான் வேந்தன் என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடலாகாது. வழங்கப்பட்டது என்றால், அதற்கு முன் மறுக்கப்பட்டிருந்தது என்றுதானே பொருள்? மழையும் வெயிலும் சாதி பார்ப்பதில்லை; ஊர் பார்த்தது.

அதே கொங்குப் பகுதியை ஒட்டி எழும் சேர்வராயன் மலைக்கு ஏறுவோம். ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்திலே வாழவந்தி என்றோர் ஊர். வாழ்வையே பெயரில் தாங்கிய ஊர்! தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் மலை இது. மண்ணும் மூங்கிலும் புல்லும் கொண்டு வீடு கட்டி, சாணமும் மண்ணும் மெழுகிய மக்கள். 1820 களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகின, துரைமார் பங்களாக்கள் வெள்ளைச் சுவரோடு எழுந்தன.

இங்கே தென்மேற்குப் பருவத்திலும் மழை, வடகிழக்குப் பருவத்திலும் மழை, இடையிடையே மூடுபனி. சுவர் நன்றாய் உலரும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரைதான். காப்பிப் பழம் பறிக்கும் வேலையோ நவம்பரில் தொடங்கித் தையையும் தொட்டு நிற்கிறது. கூலி கிடைக்கும் நாளும் சுவர் காயும் நாளும் ஒன்றாகவே வருகின்றன! தோட்டத்துக்குப் போனால் சுவர் நிற்கிறது. சுவரைப் பார்த்தால் உலை நிற்கிறது. அரசாணை தடுத்த காலம் போய், அன்றாடக் கூலி தடுக்கும் காலம் வந்திருக்கிறது.

சுண்ணாம்பு போய் வண்ணச்சாயம் வந்துவிட்ட இந்நாளில், காலக்கணக்கு முன்னிலும் கடுமையானது. சிமெண்டுப் பூச்சை முதலில் நீர்விட்டு ஆற்ற வேண்டும். பிறகு உலரவிட வேண்டும். இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஈரச்சுவரில் சாயத்தைப் பூசினால், உள்ளிருக்கும் நீர் வெளியேற வழியின்றிக் கொப்புளமாய்க் கிளம்பும். தோல் உரிவதுபோல் உரியும். தீபாவளிக்குள் முடித்தாக வேண்டும் என்று கொட்டும் மழைக்கிடையே சாயம் பூசுவோர், அடுத்த ஆண்டும் அதே செலவைச் செய்கின்றனர். பணம் உள்ளவருக்கு அது வீண்செலவு. கடன் வாங்கியவருக்கோ இரட்டைக் கடன்.

குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டம் 2010 ஆம் ஆண்டு தமிழகத்தில் தொடங்கியது. அதன் பின்னும் வீட்டுத் திட்டங்கள் வந்தன. வரவேற்போம்! ஆனால் மலையூர் வீட்டின் பணத்தவணையும் பூச்சு வேலையும் மலையின் மழையறிந்து வகுக்கப்பட வேண்டும் என்றும் கேட்போம். தையில் உலரவேண்டிய சுவருக்கு ஐப்பசியில் சாயம் பூசி, திறப்புவிழா நடத்துவது யாருக்காக?

இளைஞர்களே, உங்கள் ஊரில் எந்தச் சுவர் எப்போது வெளுத்தது என்று முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். வீடு கட்டுவோரிடம் பஞ்சாங்கத்தை மூடிவிட்டு வானிலை அறிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரைத் தொட்டுப் பார்த்து, ஈரம் போனபின் பூசச் சொல்லுங்கள். கட்டியவன் வீடும் காய்ந்த சுவரோடு, தான் விரும்பிய வண்ணத்தில் நிற்கும் நாளே நன்னாள். அதற்குச் சோதிடன் குறித்துத் தர வேண்டியதில்லை!